எதிர்வீட்டுக் காரின் முகம்

"பார்த்தியா, இன்னிக்கும் மூஞ்சியை நம்ம பக்கம் திருப்பி வெச்சிட்டான்" என்று ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்து முணுமுணுத்தார் புரூஃப் ரீடர்.

மூஞ்சி எதிர்வீட்டுக்காரருடையது அல்ல. அவர் புதிதாக வாங்கிய காருடையது.

எதிர்வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கார் நிற்கும் அளவுக்குத்தான் இடம். கேட்டுக்குள் நேரே விட்டுவிட்டு இறங்கினால் வேலை முடிந்தது. அந்த மனிதரோ தினமும் சாயங்காலம் முன்னே போய், பின்னே வந்து, வேர்த்து விறுவிறுத்து, மனைவியை இறங்கிக் கையாட்ட வைத்து, காரைத் திருப்பித்தான் நிறுத்துவார். பளபளவென்ற அதன் முன்பக்கம் சரியாகக் கேட்டை ஒட்டியிருக்கும் புரூஃப் ரீடரின் படுக்கையறை ஜன்னலைப் பார்க்கும்.

"அவங்க காரு, எப்படி நிறுத்தினா நமக்கென்ன?" என்றாள் மனைவி, குழந்தைக்கு மருந்து கொடுத்துக்கொண்டே. குழந்தைக்கு மூன்று வயது. அடிக்கடி மூச்சிழுப்பு வரும். காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் அந்த ஜன்னலைச் சாத்துவதே இல்லை.

"நமக்கென்னவா? நம்மகிட்ட கார் இல்லேன்னு தினமும் குத்திக் காட்டுறான். உனக்குத்தான் புரியல."

அச்சகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் பிழையைத் தேடிப் பிடிக்கிறவருக்கு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகவே இல்லை. கல்யாணமான புதிதில், அடுத்த வருஷம் கார் வாங்கிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னவர் அவர். வருஷங்கள் வந்தன. ஸ்கூட்டருக்குப் புது சீட் கவர் வந்தது. காரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

பொறுக்க முடியாமல் மாடிக்குப் போய், இரண்டு வீட்டையும் வாடகைக்கு விட்டிருக்கும் ஓனரிடம் புகார் சொன்னார். வயிற்றெரிச்சலை அப்படியே சொல்ல முடியாதே. ஹெட்லைட் வெளிச்சம் குழந்தையின் கண்ணில் அடிக்கிறது, தூக்கம் கெடுகிறது என்றார். இடி விழுந்தாலும் அந்தக் குழந்தை எழுந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஓனர் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இனிமேல் காரை நேரே உள்ளே விட்டு நிறுத்தும்படி சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் கார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. புரூஃப் ரீடர் வழக்கத்தைவிட இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் எஞ்சின் சத்தத்தைக் காணோம். எட்டிப் பார்த்தால், புருஷனும் பெண்டாட்டியுமாகக் காரைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. காபி டம்ளரோடு வெளியே வந்தார்.

"என்ன சார், புதுக் கார் அதுக்குள்ள மக்கர் பண்ணுதா?"

"இல்ல சார், நல்லாத்தான் இருக்கு" என்றார் எதிர்வீட்டுக்காரர், மூச்சு வாங்க. "இங்க ஸ்டார்ட் பண்ணா சைலன்சர் புகை நேரா உங்க ஜன்னலுக்குள்ள போகும். புகையில இருக்கிற விஷத்தை முறிக்க உள்ள ஒரு பெட்டி இருக்காம். அது சூடேறினாத்தான் வேலை செய்யுமாம். அதனால காலைல முதல்ல வர்ற புகைதான் ரொம்ப மோசம்னு மெக்கானிக் சொன்னார். பாப்பாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. அதான் இத்தனை நாளா சைலன்சரை எங்க சமையலறைப் பக்கம் திருப்பி வெச்சிருந்தேன். இனிமே தெருவுக்குத் தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணிக்கறோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார் புரூஃப் ரீடர், மெதுவாக.

முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள்: "எந்த முகத்தோட வந்து சொல்றது அண்ணா? புகையை மட்டும் யோசிச்சோமே தவிர, லைட் வெளிச்சத்துல பாப்பா தூக்கம் கெடும்னு எங்களுக்குத் தோணவே இல்லையே. மன்னிச்சுக்குங்க."