நன்றி சொல்லாதவன்

பண்ணையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் அபாரிசியோ, மத்தியான ஓய்வில் உட்கார்ந்தபடியே சரிந்து செத்துப்போனான். பிணவறை வேலையாள் ஃபெர்மின்தான் உடம்பை மேசையில் கிடத்தினான். ஃபெர்மினின் மனைவி நேலிடா கல்யாணத்துக்கு முன்னால் ஆசைப்பட்டது இந்த அபாரிசியோவைத்தான். இப்போது அதே பண்ணையில் சமையல்காரியாக இருக்கிறாள்.

டாக்டரம்மா இதயத்தைத் திறந்தார். அதன் சுவரில் எலுமிச்சை அளவு நீர்ப்பை ஒன்று உடைந்திருந்தது.

"நாய்கிட்டேருந்து தொத்துற பூச்சிய்யா. ஈரல்ல வரும். இதயத்துல வர்றது அபூர்வம். இருபது வருசமா வளர்ந்திருக்கும்."

"எனக்குக் கல்யாணமாகியும் இருபது வருசந்தான், டாக்டரம்மா."

"அதுக்கு இவன் என்னய்யா செய்வான்? தச்சு மூடு."

எழுந்து வந்துவிடுவானோ என்பதுபோல ஃபெர்மின் நெருக்கி நெருக்கித் தைத்தான்.

சாயங்காலம் வீட்டில் நேலிடா, தேநீர்போலக் குடிக்கும் மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றினாள். எல்லாருக்கும் ஒரே சுரைக்குடுக்கை, உறிஞ்ச ஒரே குழாய்; ஒவ்வொருவராகச் சுற்றி வரும். போதுமென்றால் "நன்றி" சொல்ல வேண்டும். அதுவரை ஊற்றுகிறவள் நிறுத்தமாட்டாள். அவள் குடித்தாள், ஃபெர்மின் குடித்தான். மறுபடி நிரப்பி, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"அது யாருக்குடி?"

"மத்தியானம் பண்ணையில நாந்தானே அவனுக்கு ஊத்திக் குடுத்தேன். நன்றி சொல்லாமலே விழுந்துட்டான். சுத்து இன்னும் முடியல."

அவள் திரும்ப எடுத்தபோது குடுக்கையில் சொட்டு நீர் இல்லை. குழாயின் நுனி ஈரமாக இருந்தது.

எட்டாவது சுற்றும் அப்படியே போனது. ஃபெர்மினுக்கு வயிறு ஊதிவிட்டது.

"போதும்னா சொல்லிட்டு எந்திரியேன். உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா?" என்றாள் நேலிடா.

அவன் எழுந்துவிட்டால் மேசையில் அவர்கள் இரண்டு பேர்தான் இருப்பார்கள்.

"ஊத்து" என்று ஃபெர்மின் கையை நீட்டினான்.