இளகின பட்டாணி

"ஃப்ரீஸர் படுத்துடுச்சுங்க. மாசத்துக்குன்னு வாங்கி வெச்ச பட்டாணி, பீன்ஸ், சோளம் எல்லாம் இளகிப் போச்சு" என்றாள் மனைவி.

"சரி பண்ணிட்டா திரும்ப உறைஞ்சுடும்."

"இளகினதைத் திரும்ப உறைய விடக் கூடாதுங்க. இப்பவே சமைச்சாகணும். இவ்வளவையும் நம்ம ரெண்டு பேரால தின்னு தீர்க்க முடியுமா?"

"அதுக்கு?"

"மாடியில உங்க அண்ணன், அண்ணியைக் கூப்பிட்டாச்சு. அவரே ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ரிப்பேர் பார்த்த மாதிரியும் ஆச்சு."

கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்தும், அண்ணன் தம்பி பேசி ஒரு வருடமாகிறது.

சாப்பிட உட்கார்ந்தபோது கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு அண்ணன், தன் தட்டிலிருந்த பட்டாணியைத் தம்பி தட்டில் தள்ளினார்.

"சின்ன வயசுல இதுக்குத்தானே என்னைக் கடிச்சு வெச்சே?"

தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை.

கை கழுவிவிட்டு அண்ணன் ஃப்ரீஸரை நகர்த்தி, பின்பக்கம் எட்டிப் பார்த்தார். காலையில் தம்பி மனைவி பிடுங்கிப் போட்ட பிளக் அப்படியே தரையில் கிடந்தது.

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். ஃப்ரீஸரை மறுபடி சுவரோடு தள்ளினார்.

"என்னண்ணா ரிப்பேர்?"

"பெரிய வேலைடா. ஒரு நாள்ல முடியாது. நாளைக்கும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து பார்க்கிறேன்."