சாமியின் செருப்பு

செங்கம்மா முதல் படியைக் கழுவி, மஞ்சள் பூசி, வரிசையாகக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் மகளின் காலைப் பார்த்தாள்.

வருஷக்கணக்காகத் தினமும் பார்த்த கால்தான்.

இடது தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் இரண்டு இரும்புக் கம்பி. அதைப் பிடித்து நிறுத்தத் தோல் பெல்ட்டுகள். கீழே கறுப்புத் தோல் பூட்ஸ்.

அவ்வளவு நாளும் அது ஹரிதாவின் கால். இன்றைக்கு மலையடிவாரத்து அலிபிரியில், மஞ்சள் ஈரம் காயாத படிக்கு முன்னால், திடீரென்று அது மாட்டுத் தோலாகிவிட்டது.

இரண்டு வயதில் போலியோ வந்த பிள்ளை. பெரிய ஆஸ்பத்திரியில் அளவெடுத்து இரும்பு போட்டுக் கொடுத்தார்கள். கூடவே கொடுத்த பூட்ஸ் கடித்துக் கடித்துக் காலெல்லாம் புண்.

நகரியில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஏகாம்பரம், தறிகள் நின்றுபோனதால் ராணிப்பேட்டைக்கு, வெளிநாட்டுக்கு ஷூ தைத்து அனுப்புகிற கம்பெனிக்குப் போயிருந்த சமயம் அது. வெள்ளைக்காரன் காலுக்கு வெட்டியதில் மிச்சம் விழுந்த மெத்தென்ற தோலாகப் பார்த்துப் பொறுக்கி, மகளுக்குத் தானே பூட்ஸ் தைத்துக்கொண்டு வந்தான். கால் வளர வளரப் புதிதாகத் தைத்தான்.

நடக்க வைத்தது செங்கம்மா.

வீட்டு வாசலில் இரண்டு மூங்கிலைக் கட்டிவிட்டு, பிடித்துக்கொண்டு நட என்றால் உடனே நடந்துவிடுகிற பிள்ளையா அது? பொத்தென்று உட்கார்ந்துகொண்டு அடம் பிடிக்கும். அதற்காக அவள் ஒரு கதை சொல்லுவாள். மலைமேல் இருக்கிற சாமி ராத்திரியானால் திருச்சானூர் அம்மாவைப் பார்க்க நடந்தே இறங்கிப் போகிறார். நடந்து நடந்து அவருடைய தோல் செருப்பு தேய்ந்து போகிறது. அதனால்தான் புதுசு புதுசாகத் தைத்து வைக்கிறார்கள். அவ்வளவு பெரிய சாமியே நடக்கிறார், உனக்கு என்னடி கேடு, எழுந்திரு.

பிள்ளை எழுந்துவிடும்.

செங்கம்மா சாமியிடம் பெரிசாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. ஏழு மலையையும் ஏற வை என்று கேட்கிற அளவுக்கு அவளுக்குப் பேராசை இல்லை. முதல் படியை மட்டும், யாரும் பிடிக்காமல், என் மகள் ஏற வேண்டும். மிச்ச மலையை அவள் அப்பன் முதுகில் ஏறிக்கொள்வாள். அதுதான் வேண்டுதல்.

இன்றைக்கு ஏறியிருப்பாள். வீட்டு வாசற்படியில் எத்தனையோ தடவை ஏறிக் காட்டியவள்தான்.

பூட்ஸோடு ஏறட்டுமே என்றான் ஏகாம்பரம். மலையேறுகிற ஆம்பிளைகளில் பாதிப் பேர் இடுப்பில் தோல் பெல்ட்தான் கட்டியிருக்கிறார்கள், சாமி அவர்களையெல்லாம் திருப்பியா அனுப்புகிறார் என்று கேட்டான். ஊரில் எவனோ என்னவோ செய்துவிட்டுப் போகட்டும், நான் பூசின மஞ்சள்மேல் தோலை வைக்க விடமாட்டேன் என்றாள் அவள்.

சற்று முன்புதான் பாத மண்டபத்தில் சாமியின் பாதரட்சையைத் தலையில் தாங்கிச் சுற்றி வந்திருந்தாள். உச்சந்தலையில் அந்தக் கனம் இன்னும் இருந்தது.

குனிந்து பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஹரிதா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செங்கம்மா கம்பியோடு பூட்ஸை உருவி ஓரமாக வைத்துவிட்டு, தோளில் இருந்த அந்தக் கையையும் மெதுவாக எடுத்துவிட்டாள். பின்னால் நகர்ந்தாள்.

நம்பினாள். மனசார நம்பினாள். இத்தனை வருஷம் நடக்க வைத்தவர், ஒரே ஒரு படிக்கு முட்டியைப் பிடித்துக்கொள்ள மாட்டாரா?

ஹரிதா வலது காலைத் தூக்கினாள்.

இடது கால் ஈரத்துணி மாதிரி மடிந்தது.

ஏகாம்பரம் தாவுவதற்குள் முகம் படியில் மோதிவிட்டது. உதடு கிழிந்து, கன்னமெல்லாம் மஞ்சள். பின்னால் வந்த கூட்டம், பிள்ளை விழுந்து சேவிக்கிறது என்று நினைத்துக்கொண்டு கோவிந்தா போட்டது.

செங்கம்மா பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு பூட்ஸை எடுத்துவந்து அந்தக் காலில் மாட்டப் போனாள். ஹரிதா அழவில்லை. பூட்ஸைக் கையால் தள்ளிவிட்டாள்.

"சாமி செருப்பு நடந்து நடந்து தேஞ்சிப்பூடுதுன்னு சொன்னியேம்மா. இத்த அவருக்கே குடுத்துடு. எனுக்கு வாணாம்."

ஏகாம்பரம் துண்டால் மகளின் உதட்டைத் துடைத்தான். முதுகில் ஏற்றிக்கொண்டான். பெண்டாட்டியை வா என்றுகூடக் கூப்பிடாமல் படியேறத் தொடங்கினான்.

செங்கம்மா பூட்ஸும் கையுமாக நின்றாள். தோலைத் தூக்கிக்கொண்டு மலையேற இப்போதும் மனம் வரவில்லை. அவன் தைத்ததை அங்கே போட்டுவிட்டுப் போகவும் வரவில்லை. இரண்டு பேரும் கூட்டத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டுப் படியோரமாக உட்கார்ந்தாள். பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டாள்.

சித்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. அந்த வீட்டு ஆள் அவளையும் அவள் மடியையும் ஒரு பார்வை பார்த்தான். செருப்பைக் கழற்றி அவள் பக்கத்தில் விட்டான். பெண்டாட்டியும் பிள்ளைகளும் வரிசையாக விட்டார்கள்.

"காஸ்த சூஸ்கோம்மா," என்று தெலுங்கில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

அதைப் பார்த்து அடுத்து வந்தவர்களும் விட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, செங்கம்மா சிதறிக் கிடந்தவற்றை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைக்க ஆரம்பித்தாள்.