மேலே வந்த பீப்பாய்

நிலம் ஆடி நின்றபோது பவளக்கொடியின் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எரிமலைச் சாம்பல் படிந்து உண்டான அந்த மண், ஆட்டத்தில் நீரைக் கக்கிக் கஞ்சிபோலக் குழைந்துவிட்டது. சுவர் அதில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. கொல்லையிலோ, மூடி இறுக்கிய ஒரு நீலப் பீப்பாய் மண்ணுக்குள்ளிருந்து மேலே வந்திருந்தது.

அவள் கணவன் சற்குணம் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீப்பாயின் மேல் ஏறி நின்று அதை மிதித்துக்கொண்டிருந்தான்.

“என்னங்க அது?”

“முன்னாடி இருந்தவங்க புதைச்சதா இருக்கும். நீ கிட்ட வராத.”

அந்த மனையில் அவர்களுக்கு முன்னால் யாரும் இருந்ததில்லை. புதர் வெட்டி முதல் கல் வைத்ததே அவர்கள்தான். அப்போது கூடவே நின்று வேலை செய்த அவள் தம்பி இளவழுதி, சொல்லாமல் கப்பலேறிப் போய்விட்டதாகச் சற்குணம்தான் வந்து சொன்னான். அதன்பின் தம்பியிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

“மறுபடி ஆடும். அப்ப அது தானா உள்ள போயிடும், விடு” என்றான் சற்குணம். குரல் கெஞ்சியது.

பவளக்கொடி துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்தாள். சேற்றில் இறங்கி, அவன் காலடியில் குனிந்து, பீப்பாயைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவன் தடுக்கவுமில்லை, இறங்கவுமில்லை.

மண் மீண்டும் மெல்ல அதிரத் தொடங்கியது. கரையேறிய அவள், கயிற்றின் மறுமுனையைப் பலா மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.