கடைசிக் கையெழுத்து

"மணி ஒன்பது முப்பத்தேழு!"

தலைமையாசிரியர் சார்லஸ், வருகைப் பதிவேட்டில் ஆனந்தமேரி டீச்சர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த சந்துல வீடு. பதினெட்டு வருஷ சர்வீஸ். ஆனா தினம் லேட்டு! மூணு லேட்டுக்கு அரை நாள் லீவு போயிரும். ஜூன்லேருந்து ஏழு நாள் போச்சு. இன்னும் நாலு நாள்தான் மிச்சம், தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அடுத்த மாசம் உங்க மக ரூபிக்குக் கோயம்புத்தூர்ல பிரசவ ஆபரேஷன்னீங்க. மாமியார் இல்லாத வீடுன்னீங்க. அப்ப வந்து லீவு கேட்டா நான் எங்க போவேன்?"

"சரி சார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, டீச்சர் நிதானமாக வகுப்புக்கு நடந்தார்.

பக்கத்தில் நின்ற ரீனாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. ஜூனில் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்தவள். இதுவரை ஒரு நாள்கூட லேட் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

லேட்டுக்குக் காரணம் வீட்டு வேலை என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். ஆனால் ரீனா குடியிருப்பது ரஃபீக் பாய் டீக்கடை மாடியில். ஆனந்தமேரி டீச்சர் ஒன்பது மணிக்கே குளித்துச் சேலை கட்டி, கைப்பையோடு அந்தக் கடை பெஞ்சில் வந்து உட்கார்வதை அவள் தினமும் பார்க்கிறாள். பெற்ற மகளை விடவா ஒரு டம்ளர் காபி பெரிசு?

மறுநாள் காலை கடை முன்னால் நின்று கூப்பிட்டும் பார்த்தாள்.

"வாங்க டீச்சர், சேர்ந்தே போவோம். இன்னும் நேரமிருக்கு."

"நீ முன்னால போ தாயி. நான் செத்த நேரம் கழிச்சு வாரேன்."

டம்ளரில் காபி ஆடை கட்டிக் கிடந்தது. டீச்சர் அதைத் தொட்டதாகவே தெரியவில்லை. பிறகு எதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறார்?

பள்ளி வாசலில் வாட்ச்மேன் நாச்சிமுத்து பூட்டும் கையுமாக நின்றார்.

"ஒன்பதரைக்குப் பூட்டணும்னு உத்தரவு. அதுக்கப்புறம் எந்தப் பிள்ளை வந்தாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிரணும். ஆனா எல்லா டீச்சரும் உள்ள வந்தாத்தான பூட்ட முடியும்? அந்தம்மாவால தினம் இம்புட்டு நேரம் நிக்கிறேன்" என்று புலம்பினார்.

ரீனாவுக்கு அன்று முழுக்கப் பாடத்தில் கவனம் ஓடவில்லை. கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள்.

மறுநாள் டீக்கடைக்குப் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரில், வளையல் பார்க்கிற சாக்கில் நின்றுகொண்டாள். மணி ஒன்பதரை ஆனது. டீச்சர் அசையவில்லை. கண் மட்டும் ரோட்டிலேயே இருந்தது.

ஒன்பது முப்பத்தைந்துக்கு, மல்லிகைப்பூ மூட்டைகளோடு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து சீருடையில் ஏழு பெண் பிள்ளைகள் குதித்தார்கள். பாவாடை ஓரமெல்லாம் தோட்டத்து ஈரம். புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாகப் பள்ளிக்கு ஓடினார்கள்.

"கௌசல்யா, பாத்து! ரோட்டுல ஓடாத!" என்று ஒரு அதட்டல் போட்டார் டீச்சர். ஏழு பேரும் கேட்டுக்குள் நுழையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ரீனா வளையலைத் திருப்பி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"டீச்சர்... இதுக்காகவா?"

மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி டீச்சர் சிரித்தார்.

"வெயில் ஏறி மொட்டு விரியறதுக்குள்ள பறிச்சாகணும். அப்பன் ஆத்தாளோட இருந்து அம்புட்டையும் பறிச்சுப் போட்டுட்டு, மார்க்கெட்டுக்குப் போற வண்டியில தொத்திக்கிட்டு வருதுக. போன வருஷம் ரெண்டு நாள் திருப்பி அனுப்பினாங்க. மூணாம் நாள்லேருந்து ஒருத்தி வரவே இல்ல."

"கேட்டைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லி சார்கிட்டச் சொல்லலாமே?"

"சொன்னேனே! நேரத்துக்குப் பூட்டலன்னா எனக்கு மேலிடத்துல கேள்வி வரும்னாரு. அவரு பாடு அவருக்கு. என் கிளாஸ்ல அதுவரைக்கும் லீடர் வாய்ப்பாடு சொல்லிக் குடுப்பா. சாயந்திரம் நான் அரை மணி கூட இருந்து சரிக்கட்டிருவேன்."

"அப்ப ரூபி அக்கா ஆபரேஷன்?"

டீச்சர் முகம் ஒரு கணம் வாடியது.

"ஆண்டவர் பாத்துக்குவாரு. நட, உனக்கும் இன்னைக்கு லேட்டு."

அடுத்த திங்கட்கிழமை தலைமையாசிரியர் பதிவேட்டைத் திறந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆனந்தமேரி, ஒன்பது பத்து. செவ்வாய், ஒன்பது எட்டு. புதன், ஒன்பது ஐந்து!

அந்தப் புதனன்று ஒன்பது முப்பத்தெட்டுக்கு, ஏழு பெண் பிள்ளைகளுக்குப் பின்னால் கேட்டுக்குள் நுழைந்து, மூச்சு வாங்க அவர் அறைக்கு வந்தாள் ரீனா.

"இந்த வாரம் மட்டும் இது மூணாவது வட்டம். உங்களுக்கும் அரை நாள் போச்சு. சொல்லிச் சொல்லிப் பெரிய டீச்சரே திருந்திட்டாங்க. அவங்க கெட்ட பழக்கம் உங்களுக்கு ஒட்டிக்கிச்சேம்மா!"

"ஆமா சார்" என்று அன்றைய கடைசிக் கையெழுத்தைப் போட்டாள் ரீனா. "ரூபி அக்கா நல்லபடியா வீட்டுக்கு வர்ற வரைக்கும் இது போகாது சார்."