ஐயாயிரத்துக்கே வந்துடு

காடிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த அர்ச்சுனனுக்கு, எண்ணெய் வடிக்கிற நட்டைக் காணவில்லை.

மீசை முளைத்த நாளிலிருந்து ஈப்போ புந்தோங்கில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தக் காடியின் நட்டையும் தடவிக் கழற்றுவான். இப்போது டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கழன்று விழுந்த தோட்டைத் தேடுகிறவள் மாதிரி, முதுகால் நகர்ந்து நகர்ந்து தேடுகிறான்.

காலையிலிருந்தே அவனுக்கு எதுவும் விளங்கவில்லை.

முதலில் வந்தவர் சன்னாசி. பட்டறையைத் திறப்பதற்கு முன்பே வந்து நின்றார். அவருக்குக் காடி கிடையாது, ஓர் ஓட்டை மோட்டார் சைக்கிள்தான். ஆனால் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருந்த காலத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். இன்றைக்கும் தெருவில் போகிற காடியின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் வந்து, சிந்தெட்டிக் எண்ணெய் எஞ்சினுக்குக் கெடுதல் என்றார்.

அர்ச்சுனன் விடுவானா? பழைய எண்ணெய் ஐயாயிரம் கிலோமீட்டரில் கருத்துப் போகும், சிந்தெட்டிக் என்றால் இருபதாயிரம் வரைக்கும் தாங்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவன் வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை என்ற இடத்தில் கிழவரின் முகம் வாடிவிட்டது.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்லா. என் மகன் வந்தா மட்டும் ஐயாயிரத்துக்கே வந்துடுன்னு சொல்லு. ஒரு பொய்தானே தம்பி."

சொல்லிவிட்டு, எதிரே லியாகத் அலியின் தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தெருவுக்கே தெரிந்த கதைதான். மகன் சுரேன் கோலாலம்பூரில் யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக வந்து நின்ற அன்று, இனி என் வாசலை மிதிக்காதே என்று சூடம் அணைத்துச் சொல்லிவிட்டார் சன்னாசி. அணைத்த சூடத்தைத் திரும்ப ஏற்ற முடியுமா? அவராலும் முடியவில்லை.

ஆனால் அர்ச்சுனன் பட்டறை அவருடைய வாசல் இல்லையே.

கோலாலம்பூரில் இல்லாத பட்டறையா? மகன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெடுஞ்சாலை பிடித்து, எண்ணெய் மாற்ற ஈப்போவுக்கு வருவான். எண்ணெய் வடிகிற நேரம் எதிர்க்கடையில் போய் உட்காருவான். அடுத்த மேசையில், பாலும் சீனியும் போடாத தே ஓவுடன், தற்செயலாகத் தகப்பன். இருவருக்கும் முதுகுதான் முகம். ஒரு வார்த்தை கிடையாது.

பெண் குழந்தை பிறந்த சேதியைக்கூட மகன் லியாகத் அலியிடம்தான் சொன்னான், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி. யார் ஜாடை என்று கிழவரும் லியாகத் அலியிடமே கேட்டார், அதைவிடச் சத்தமாக. பாவம், லியாகத் அலிக்குக் காது மந்தம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

இதெல்லாம் தெருவில் இருக்கிற எங்களுக்குப் புரிந்தது. எஞ்சினுக்கு வெளியே நடக்கிற எதுவும் அர்ச்சுனன் மண்டையில் ஏறாது. போன தடவை இவனேதான் சுரேனிடம் பெருமையாகச் சொன்னான், அடுத்த முறை சிந்தெட்டிக் ஊற்றிவிடலாம், அப்புறம் ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம் என்று. எதிரே சன்னாசிக்குத் தே புரையேறியதை நாங்கள் பார்த்தோம். இவன் பார்க்கவில்லை.

இன்றைக்குச் சுரேன் வந்தது புதுக் காடியில்.

வந்ததே தெரியவில்லை. வாசலில் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை.

அர்ச்சுனன் ஒப்பித்தான். சிந்தெட்டிக் இதற்கு ஒத்துக்கொள்ளாது, ஐயாயிரத்துக்கே வந்துவிடு. பொய் சொல்லிப் பழக்கமில்லை, டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சுரேன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வந்துவிடுகிறேன் என்று சட்டென்று சொன்னான். படித்தவன் இப்படியா மறுபேச்சில்லாமல் நம்புவான்? அதுவும் அர்ச்சுனனுக்கு விளங்கவில்லை.

இப்போது நட்டும் இல்லை.

நட்டு இருக்க வேண்டிய இடத்தில் தட்டையாக ஒரு நீளப் பெட்டி. அதிலிருந்து ஆரஞ்சு நிறத்தில், விரல் தடிமனுக்கு ஒயர். பின்னால் புகைக்குழாய் எங்கே என்று பார்த்தான். அங்கே ஒன்றுமே இல்லை.

தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

சப்பாத்துக் கயிறு கட்டுகிறவன்போலச் சுரேன் பக்கத்தில் குனிந்தான்.

"கரண்டு காடிண்ணே. எண்ணெயே கிடையாது. எப்பவும் ஆவுற நேரம் வரைக்கும் சும்மா அடியில படுத்திருங்க. அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

எழுந்தான். கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்தான்.

அர்ச்சுனன் மறுபடி உள்ளே போய்ப் படுத்தான். எண்ணெயே இல்லாத காடிக்கு எதற்கு ஐயாயிரம் என்று யோசித்தான். பிடிபடவில்லை. படுத்தது படுத்தபடி, ஸ்பேனரால் ஜாக்கியில் இரண்டு தட்டுத் தட்டினான். எண்ணெய் பிடிக்கிற தட்டை இழுத்து வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். காய்ந்து கிடந்தது.

எதிர்க்கடையில் நாற்காலி இழுபட்டது. லியாகத் அலி கேட்காமலே தே ஆற்ற ஆரம்பித்தார்.

பிறகு, தெருவைத் தாண்டி, சன்னாசியின் குரல் வந்தது.

"அவசரப்படாதய்யா அர்ச்சுனா. சத்தமே போடாத எஞ்சினு. எண்ணெ மெதுவாத்தான் வடியும்."