விலக்கு ரோட்டில் ஒரு மொபெட்

ஊர்ச்சாலை நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும் விலக்கில், ரெஜினா நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அங்கே வேகத்தடை தேவைதானா என்று பார்க்க அவளை அனுப்பியிருந்தார்கள். காலையிலிருந்து ஒரே மொபெட் திரும்பத் திரும்பச் சாலையைக் கடந்தது. ஓட்டியவர் ஒவ்வொரு தடவையும் அவள் எண்ணும் கைக்கருவியை அமுக்குகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

மதியம் அவரை நிறுத்தினாள். “அண்ணாச்சி, ஒரே வண்டிய எத்தன தடவதான் எண்ண? எங்கதான் போறீய?”

அவர் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “எம் மவ இங்கனதான் லாரில அடிபட்டா, தாயி. வேகத்தட கேட்டு மனு குடுத்தேன். குறுக்க போற வண்டி ரொம்பக் கொறச்சல்னு சொல்லிட்டாவ. அதான்…”

ஒற்றை ஆள் எவ்வளவு ஓட்டினாலும் எண்ணிக்கை தேறாது. அதைச் சொல்ல ரெஜினாவுக்கு மனம் வரவில்லை. “போயிட்டு வாங்க, அண்ணாச்சி” என்றாள். பிறகு அவர் வரும்போதெல்லாம், அவர் கண்ணில் படும்படி கையை உயர்த்தி அமுக்கினாள்.

வெயில் தாழ்ந்த நேரம் மொபெட்டில் பெட்ரோல் தீர்ந்துபோனது. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தவர், நடுச்சாலையில் மூச்சு வாங்க நின்றுவிட்டார். தூரத்தில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. ரெஜினா ஓடிப்போய் மொபெட்டின் பின்னால் கைகொடுத்தாள்.

“தள்ளிட்டுப் போனா எண்ணுவியளா, தாயி?”

“எண்ணிட்டேன் அண்ணாச்சி, நீங்க வாங்க.”

இருவரும் ஓரம் சேர்ந்தார்கள். லாரி வேகம் குறையாமல் கடந்து போனது.